கிள்ளான் ரயிலுக்கு முன்னால் அடித்த மணி

என் பிரியமுள்ள வாத்தியாரய்யாவுக்கு,

இதை எழுதுவது நான்தான், கேட்டுக்காரன் வேலு. யாரையும் பிடித்து எழுதச் சொல்லவில்லை. ஒரு வரி எழுதுவதற்குள் வாயிலிருக்கிற வெற்றிலை தீர்ந்துவிடுகிறது, ஆனாலும் கை என்னுடைய கை. நீங்கள் இருந்திருந்தால் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்திருப்பீர்கள், இல்லையா?

பத்திரிகைக்காரர் இதை அச்சில் போடுகிறேன் என்றார். அதனால் உங்களைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் பட்டறைக்குப் பக்கத்தில் இருக்கிற இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் நீங்கள் கணக்கு வாத்தியார், யாழ்ப்பாணத்துக்காரர். பெரிய வகுப்புப் பையன்களின் ஒழுங்கும் உங்கள் பொறுப்பு. நான் இந்த மலாய் நாட்டுக்கு ரயில்பாதை போட வந்தவன். முதுகு போன பிறகு அங்கே கேட்டைத் திறந்து மூடி, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் மணி அடிக்கிறேன்.

மற்ற வாத்தியார்கள் பிரம்பை எடுப்பார்கள். நீங்கள் சீட்டை எடுத்தீர்கள். மாதம் முழுக்க ஒழுங்காக இருந்தவனுக்கு வெள்ளைச் சீட்டு. தாமதமாக வந்தவனுக்கும் வம்பு செய்தவனுக்கும் சிவப்புச் சீட்டு. சிவப்பு வாங்கியவன் பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் என் பெஞ்சில் உட்கார வேண்டும். முதல் நாள் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தி நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அண்ணை, இவங்களை அடிச்சு எனக்குத்தான் கை நோகுது. இண்டைக்கு இவன் உங்களுக்கு ஒரு எழுத்துச் சொல்லித் தரட்டும்."

மறுநாள் காலையில் அந்த எழுத்தை என்னிடம் கேட்பீர்கள். எனக்கு வராவிட்டால் பையன் இன்னொரு நாளும் பெஞ்சில். அதனால் உயிரைக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். தமிழே தெரியாத ஒரு சீனப் பையன் உங்களிடம் எழுத்தைக் கற்றுக்கொண்டு ஓடிவந்து, மறப்பதற்குள் என்னிடம் கொட்டினானே, நினைவிருக்கிறதா?

நீங்கள் காய்ச்சலில் கண்ணை மூடிய பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பையன்கள் அப்படியே அடங்கிவிட்டார்கள். உங்களுக்குச் செய்யும் மரியாதை என்று அவர்களுக்குள் பேச்சு. மூன்று வாரம் ஒருவன்கூடத் தாமதமாக வரவில்லை. உங்கள் சீட்டு வழக்கத்தை அப்படியே நடத்திவந்த தலைமை வாத்தியார், பெரிய துரைக்கு ஒரே சந்தோஷம். எனக்கோ பெஞ்சு காலி. எழுத்தெல்லாம் தெரியும், கூட்டி எழுத வராது. அரைகுறையாக நின்றுவிட்டேன்.

எப்படியும் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் காலையில் இரண்டு நிமிடம் முன்னாலேயே மணியை அடித்துக் கேட்டைச் சாத்தினேன். எப்போதும் கடைசியில் வருகிற இரண்டு போக்கிரிகளைத்தான் மனதில் வைத்திருந்தேன். பாழாய்ப்போக, அன்றைக்கு இரண்டு பேரும் சீக்கிரமே வந்து உள்ளே நின்றார்கள். கம்பிக்கு வெளியே மாட்டிக்கொண்டவன் கோபால். கிள்ளானுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிற பிள்ளை. வருஷம் முழுக்க ஒரு சிவப்புச் சீட்டு வாங்காதவன்.

"ஸ்டேஷன் கடிகாரத்துல நேரம் இருந்துச்சே, தாத்தா" என்றான்.

சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்து வார்த்தை எழுதக் கற்றுக் கொடுத்தான். முதல் வார்த்தை, அப்பா. எனக்கு வந்த ஆனந்தத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. ஏன் அந்த வார்த்தை என்று கேட்டேன். வருஷம் முழுக்கச் சிவப்பில்லாதவனுக்கு விழாவில் பரிசு உண்டு, அதைப் பார்க்க வருவதற்காக அவன் அப்பா கங்காணியிடம் கோட்டு இரவல் கேட்டு வைத்திருக்கிறார், இனி வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றான். தலையைக் குனிந்தபடியே சொன்னான்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அவன் காட்டியபடி எழுத்தைக் கூட்டிக் கூட்டி, நாலு நாள் உட்கார்ந்து துரைக்கு ஒரு கடிதம் எழுதினேன். மணியை முன்னால் அடித்தது நான், பையன் மேல் குற்றமில்லை என்று. என் ஆயுசில் எழுதிய முதல் கடிதம் அது.

துரைக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த ஆபீஸ் குமாஸ்தா, கிராணி, அன்றைக்கு லீவு. நன்றாகத் தமிழ் படிக்கிற பையனைக் கூப்பிடு என்றார். வந்து நின்றவன் யார் தெரியுமா? கோபாலே!

காகிதத்தை மனதுக்குள் படித்தான். காது சிவந்தது. பிறகு துரையிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னான். எனக்கு அந்தப் பாஷை தெரியாது, ஆனால் இத்தனை வருஷம் மணி அடித்தவனுக்குக் 'கிளாக்' என்ற சொல் தெரியாதா? துரை என் பக்கம் திரும்பி மலாயில் கேட்டார், கடிகாரம் வேகமாக ஓடுகிறதா என்று.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். என் வேலையும் தப்பும், அவன் பரிசும் கிடைக்கும். ஆனால் பாருங்கள் ஐயா, நாலு நாள் எழுதியது. அதில் கடிகாரம் என்ற பேச்சே இல்லை. என் முதல் எழுத்தை ஒருவன் மாற்றிப் படித்தால் எப்படிப் பொறுப்பேன்?

"ஜாம் பெத்துல், துவான். சாயா சாலா" என்றேன். கடிகாரம் சரி, தப்பு என்னுடையது.

கோபால் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "சும்மா இரு தாத்தா, வேலை போயிடும்."

ஏன் அடித்தாய் என்று துரை கேட்டார். படிக்க ஆசை என்றேன். துரை கோபாலின் சிவப்புச் சீட்டை எடுத்துக் கிழித்தார். பொய் சொன்னதற்கு அவனும், மணிக்காக நானும், ஒரே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்றார். இரண்டு குற்றவாளிகளும் அன்றைக்கு ஒரு பக்கம் எழுதி முடித்தோம்.

நேற்று விழா. பரிசு உண்டா இல்லையா என்று கடைசிவரை இருவருக்கும் தெரியாது. கோபால் பெயரைக் கூப்பிட்டார்கள், ஐயா! விரல் மறைகிற கோட்டுக் கையைத் தூக்கித் தூக்கி அவன் அப்பா கைதட்டினார். மணிச் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு நான் எப்படித் தட்டுவேன்? தண்டவாளத்தையே தட்டிவிட்டேன்.

இன்னொரு சேதி. இனி வெள்ளைச் சீட்டு வாங்கியவன்தான் என் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லித் தரலாம் என்று துரை உத்தரவு போட்டுவிட்டார். இப்போது இடம் பிடிக்கப் போட்டி. அந்த இரண்டு போக்கிரிகளும்கூட நல்லவர்களாகிவிட்டார்கள். பார்க்க எனக்கே பயமாக இருக்கிறது.

உங்களுக்கு ஒரு வாக்கு. இனி கடிகாரத்தை முந்திக்கொண்டு என் சுத்தியல் எழும்பாது. கிள்ளான் ரயில் பிந்தி வருகிற நாளில் மட்டும், கோபால் ஓடி வருவது கண்ணில் பட்டால், சுத்தியலை எங்கே வைத்தேன் என்று கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். அதற்குச் சிவப்புச் சீட்டு உண்டென்றால் எழுதி அனுப்புங்கள். நானே படித்துக்கொள்வேன்.

உங்கள் அண்ணை,
வேலு