காற்றை வெட்டும் கத்தரி

அன்புக் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், இந்தத் தடவை அதை ஒப்புக்கு எழுதவில்லை, நிஜமாகவே சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி, சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ அழுவாய், கூடவே நானும் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த புதிதில் நாங்கள் பட்ட பாடு உனக்கு முழுசாகத் தெரியாது. மூளையில் சின்ன இடத்தில்தான் ரத்தம் அடைத்திருக்கிறது, கையில் பலம் அப்படியே இருக்கிறது என்றார் டாக்டர். அதுவும் உண்மைதான், என் விரலை இறுக்கிப் பிடிங்க என்று சொன்னவர், அப்பா பிடித்த பிடியில் போதும் விடுங்க என்று கெஞ்சிவிட்டார். ஆனால் வீட்டில் கத்தரியைக் கையில் கொடுத்தால் அப்படியே உட்கார்ந்திருப்பார். வெட்டணும்னுதான் நினைக்கிறேன், கை கிளம்ப மாட்டேங்குது என்பார். ஆயுசு முழுக்கக் கத்தரி பிடித்த மனிதர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கு எப்படி இருக்கும் சொல். இதில் சலூன் முதலாளி வேறு, நல்ல மனிதர்தான், இந்த மாசம் வரைக்கும் பார்க்கிறேன், அப்புறம் அந்த நாற்காலிக்கு வேற ஆளைப் போடணும்மா என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் அடித்த கூத்தைக் கேள். அவர் மனசு ஒரு நிலையில் நிற்கட்டும் என்று வீட்டையே ஊமையாக்கிவிட்டோம். ரேடியோ கிடையாது, மிக்சி கிடையாது, உன் தம்பி பூனை மாதிரி நடந்தான். நாங்கள் வாயைப் பொத்தப் பொத்த அவர் சிலையாகிக்கொண்டே போனார். அப்போதுதான் நீ போனில், அங்க என்ன சத்தம் கேட்குது என்றாய். ஒரு சத்தமும் இல்ல, கப்சிப்னு வெச்சிருக்கோம் என்று நானும் பெருமையாகச் சொன்னேன். ஐயோ அம்மா, சத்தம் போடுங்க என்றாயே, எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா தெரியவில்லை.

பிறகு நீ பொறுமையாகச் சொன்னதை அப்படியே மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறேன். கை அசைவதற்கு முன்னாலேயே நெற்றிக்குப் பின்பக்கம் மூளை அந்த அசைவுக்குத் தயாராகிவிடுமாம். நாமாக நினைத்துக் கிளம்புவதற்கு அங்கே ஓர் இடம் முக்கியமாம், வெளியே ஒரு சத்தமோ சைகையோ வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கிளம்புவதற்குப் பக்கத்திலேயே வேறோர் இடமாம். அப்பாவுக்கு அடிபட்டது முதல் இடம், மற்றது நன்றாக இருக்கு, அதைக் கூப்பிடுங்க என்றாய். அப்பா ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே சும்மா காற்றில் கத்தரியைச் சடசடக்க வைப்பாரே, சின்ன வயதில் நீ ஏம்ப்பா காத்தை வெட்டுறே என்று கேட்டதற்கு, காத்துக்கும் முடி வளருதே கண்ணு என்பாரே, அந்தச் சத்தத்தை அவர் காதருகே போடச் சொன்னாய்.

பழைய கத்தரியோடு பக்கத்தில் உட்கார்ந்து நான் சடசடத்தேன், வாடிக்கையாளராக உன் தம்பி. கொஞ்ச நேரத்தில் அப்பா கை என் சத்தத்தோடு சேர்ந்து கிளம்பியது. தம்பி தலையைத்தான் கேட்காதே, ஒரு வாரம் தொப்பியோடு வேலைக்குப் போனான், அக்காவோட ஆராய்ச்சிக்கு என் தலைதான் கிடைச்சுதா என்று புலம்பல் வேறு. உன் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு முன்பெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. இப்போது கேட்காதவர்களுக்கும் என் பொண்ணு மூளையை ஆராயுறா என்று சொல்கிறேன். மருந்துக்கடைக்காரர் என்னைக் கண்டாலே உள்ளே போய்விடுகிறார்.

நேற்று முதலாளியே எனக்கு வெட்டுங்க பார்ப்போம் என்று வீட்டுக்கு வந்து அப்பா முன்னால் உட்கார்ந்தார். நானோ என் கத்தரியை எங்கே வைத்தேன் என்று பையைக் குடைந்துகொண்டிருக்கிறேன், அதற்குள் சடசடவென்று சத்தம். தம்பிதான் கத்தரிச் சத்தம் போடுகிறான் என்று நிமிர்ந்தால், அவன் வாசலில் வெறும் கையோடு நிற்கிறான். முதலாளி தலைக்கு மேலே அப்பா தானாகவே காற்றை வெட்டிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கடைக்குப் போகிறார். நீ நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மறந்துவிடாதே, அங்கே யாரிடமும் முடி வெட்டிக்கொள்ளாதே, நீ வருகிற வரை வளரட்டும் என்று அப்பா சொல்லச் சொன்னார்.

உன்னால் தலை நிமிர்ந்து நடக்கும்,
அம்மா