இசக்கி வீட்டில் இரண்டு சேர்

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்தே காற்று. கொடியில் போட்ட துணி பாதி அடுத்த வீட்டு மாடியில்.

மகளிர் குழுக் கூட்டம். திட்ட அலுவலர் வந்திருந்தார். நல்ல மனுஷன், வேர்வைதான் அதிகம். "வறுமையே இல்லாமப் பண்ண முதல்ல என்னங்க செய்யணும்?" ஒருத்தி தண்ணீர் என்றாள். தங்கமணி சாராயக் கடையை மூடச் சொன்னாள் (கைதட்டல்). குழுத் தலைவியான நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ரொம்பக் கஷ்டப்படும் வீட்டுக்குத் தையல் மிஷின் தருவார்களாம். தொழில் காலூன்றும்வரை கைச்செலவுக்குப் பணமும். இசக்கி பெயரைக் கொடுத்தேன். எங்கள் லைன் வீடுகளில் கடைசி ரூம், தென்காசிப் பக்கத்துக்காரி. புருஷன் சாயப்பட்டறையில் விழுந்து படுத்த படுக்கை. அவரை விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போக முடியாமல் வீட்டிலேயே பனியனில் பிசிறு வெட்டுகிறாள். அதில் என்ன வரும்? மிஷின் வந்தால் பிழைத்துக்கொள்வாள்.

ஜூன் 11, புதன்
நாளை அலுவலர் வீடு பார்க்க வருகிறார். வருகிறவரைச் சும்மா அனுப்ப முடியுமா? லைனே கூடி இசக்கி ரூமை ஜோடித்தோம். என் சேர் இரண்டு. தங்கமணியின் டேபிள் பேன், டம்ளர்கள். செல்ப் வெறிச்சென்று இருந்ததால் மிக்ஸியும். என் மாம்பழக் கலர் புடவை இசக்கிக்கு. என்னைவிட அவளுக்கு எடுப்பு. கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

வாங்க: பால், பிஸ்கட்.

ஜூன் 12, வியாழன்
வந்தார். காபி குடித்தார். பேன் காற்றில் வேர்வை ஆற்றினார். வெளியே வந்து, "வசதியாத்தானுங்க இருக்காங்க. இவங்களை எப்படிங்க பரம ஏழைனு போடறது?"

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அத்தனையும் இரவலுங்க சார்" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க. திங்கக்கிழமை இன்னொரு தடவை வர்றேன். கண்ணுல பாத்ததைத்தான் எழுத முடியும்."

ஜூன் 15, ஞாயிறு
எல்லாப் பொருளும் அவரவர் வீட்டில். இசக்கியிடம், "நாளைக்கு எதையும் வாங்காத கண்ணு, இருக்கறபடி இருக்கட்டும்" என்றேன்.

"அன்னைக்கிச் சேர் போட்டுட்டு, நாளைக்குத் தரையில உக்காரச் சொன்னா அவுக என்ன நெனைப்பாவ?"

மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். ஒருவழியாகச் சரி என்றாள்.

ஜூன் 16, திங்கள்
கம்பெனியில் ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்தேன். போனால், அலுவலர் என் சேரில். பேன் சுற்றுகிறது. இசக்கி மேல் மாம்பழக் கலர் புடவை. நான் இல்லாத நேரத்தில் வந்து கேட்டிருக்கிறாள்; கொடுத்தது என் வீட்டுக்காரர். "கேட்டா இல்லைனு சொல்ல முடியுமா?" என்கிறார்.

அலுவலர் பேனாவை எடுத்துவிட்டார்.

"சார், எந்திரிங்க. அது என் சேருங்க."

எழுந்தார். தூக்கிக்கொண்டேன். பின்னாலேயே வந்த தங்கமணி பேனைப் பிடுங்கி வயரைச் சுற்றினாள். டம்ளரோடு நின்றவரிடம், "குடிச்சுட்டுக் குடுங்க, அதும் எங்களுதுதான்." காலி ரூமை ஒருதரம் பார்த்தார். எழுதினார். மிஷின் உண்டு என்றார். இசக்கி கடைசிவரை சுவரைப் பார்த்தபடி.

சாயங்காலம் புடவையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தாள். காற்றுக்கு அதற்குள் காய்ந்துவிட்டிருக்கிறது.

"மிஷினு வரட்டும்க்கா. மொத வேலையா ரெண்டு சேர் வாங்குதேன்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.