யார் முன்னால் நிற்பது

மார்ச் 4

அன்புள்ள கேடயக்காரருக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் நலம் என்றுதான் எழுதுவீர்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வருகிறது, கடிதம் எழுதிக்கொள்ளுங்கள் என்று உங்கள் அக்கா செய்துவைத்த ஏற்பாடு நல்லதுதான். கோபம் வந்தால் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடரலாம். போனில் அப்படி எழுந்து போனால் அதற்குத் தனியாக ஒரு சண்டை.

புதுக் கிளையில் வேலை பரவாயில்லை. அச்சான அட்டைப்பெட்டியின் நிறத்தை மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இங்கேயும். நேற்று ஒரு சோப்புப் பெட்டியின் நீலம் கொஞ்சம் ஊதாப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று முழு லோடையும் நிறுத்திவிட்டேன். அச்சு இயந்திரக்காரருக்கு என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

மேலாளர் கூப்பிட்டுப் பேசினார். இங்கேயே நிரந்தரமாக இருக்கிறேனா, பழைய கிளைக்கே திரும்புகிறேனா என்று இந்த மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். திரும்பி வருவதென்றால் உங்களிடம்தான் வர வேண்டும். வராவிட்டால் நமக்குள் என்ன மிச்சம் என்று தெரியவில்லை. உங்களிடம் யோசனை கேட்கவில்லை, சொல்லிவைக்கிறேன்.

அது இருக்கட்டும். நாம் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேமின் கம்பெனி விட்ட அறிவிப்பைப் பார்த்தீர்களா? ஆளுக்கொன்றாக, மாற்றவே முடியாமல் கொடுத்திருக்கும் கேடயம், வைத்தியம், வில், மந்திரம் என்ற நாலு கிளாஸையும் எடுத்துவிடலாமா என்று ஆடுகிறவர்களிடமே ஓட்டுக் கேட்கிறார்கள். எடுத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். ஓட்டுப்போடும் முன் ஆடிப் பார்க்க ஒரு சோதனை உலகமும் திறக்கப்போகிறார்கள். பிறந்த தொழிலிலேயே சாக வேண்டும் என்று வெளியில் யாராவது சொன்னால் சண்டைக்குப் போவோம். கேமுக்குள் மட்டும் நாமே காசு கொடுத்து அதை வாங்கிக்கொள்கிறோம். எனக்கு இது ரொம்ப நாளாக ஆச்சரியம். கையில் கேடயம் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்க்க ஆசையாக இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் மனைவி (இன்னும் இப்படித்தான் எழுதிக்கொள்கிறேன்)

---

மார்ச் 9

அன்புள்ள வைத்தியருக்கு,

நலம். நீ சொன்ன மாதிரியே எழுதிவிட்டேன், திருப்தியா?

அறிவிப்பைப் பார்த்தேன். பார்த்த உடனே 'கிளாஸ் வேண்டும்' என்று ஓட்டுப் போட்டுவிட்டேன். சோதனை உலகம் வரைக்கும் காத்திருக்கவில்லை. எல்லாரும் எல்லாம் செய்யலாம் என்றால் கடைசியில் யாரும் எதையும் ஒழுங்காகச் செய்ய மாட்டார்கள். எங்கள் வேலையையே எடுத்துக்கொள். லிஃப்ட் பழுது பார்க்கும்போது ஒருவன் பெட்டியின் கூரைமேல் நிற்பான், இன்னொருவன் மேலே மோட்டார் அறையில் இருப்பான். கூரைக்காரன் 'நிறுத்து' என்றால் மோட்டார்க்காரன் நிறுத்த வேண்டும். எனக்கும் ஆசையாக இருக்கிறது என்று இரண்டு பேரும் கூரைமேல் ஏறிக்கொண்டால் அப்புறம் இரண்டு பேரையும் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

நம் குழுவிலும் பேச்சு இதுதான். வில்லாளி பல்லி, ஒரு வாரத்தில் நாலையும் கற்றுக்கொண்டுவிடுவேன் என்று குதிக்கிறான். மந்திரவாதி, அதுதான் நம் கணக்கு வாத்தியார், பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார். எல்லாரும் கடைசியில் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள் என்கிறார். நானும் அவர் கட்சிதான்.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்குக் கணக்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நீ அந்த ஊருக்குப் போனதிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்கூட நாம் ஆடாமல் விட்டதில்லை. என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் நீ வந்தாய். கேடயம் இல்லாமல் நீ குகைக்குள் போக முடியாது, வைத்தியம் இல்லாமல் நானும் போக முடியாது. நாளைக்கு உன்னையே நீ பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டால் என்னோடு எதற்கு வருவாய்? அதனால்தான் ஓட்டுப் போட்டேன்.

புதுக் கம்பெனியில் ஒப்பந்த வேலை நன்றாகப் போகிறது. வெயில்தான் ஜாஸ்தி.

உன்,
கேடயம்

---

மார்ச் 14

அன்புள்ள கேடயக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எதற்கு வருவாய் என்று கேட்டிருந்தீர்களே, அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகு லிஃப்ட் கதைக்குத் திரும்பிப் போனேன். அதில் ஓர் ஓட்டை இருக்கிறது.

ஒருவர் மேலே, ஒருவர் கீழே. சரி. ஆனால் போன வாரம் கூரையில் நின்றவர் இந்த வாரம் மோட்டார் அறையில் இருப்பார் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். மோட்டார் அறையே தெரியாதவனோடு கூரைக்குப் போகப் பயம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அது அன்றைக்கு எடுத்துக்கொள்ளும் வேலை. பிறவி கிளாஸ் இல்லை. வாத்தியாரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், இதற்கு என்ன கணக்கு வைத்திருக்கிறார் என்று பார்ப்போம்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். கேமில் வைத்தியரின் திரையில் மட்டும் மற்றவர்களுடைய உயிர்க்கோடு தெரியும், தெரியுமா? உங்கள் பெயருக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு. அடி விழ விழ அது குறையும். நீங்கள் வாயைத் திறக்காவிட்டாலும் எனக்குத் தெரிந்துவிடும், உடனே மருந்தை அனுப்பிவிடுவேன். வீட்டில் அந்தக் கோடு இல்லை. வேலை போன பிறகும் தினமும் காலையில் டூல்ஸ் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். ஏதோ ஒரு கடை வளாகத்தில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் பழுது பார்த்த லிஃப்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் 'வேலை எப்படிப் போகுது' என்று கேட்பேன், 'நல்லாப் போகுது' என்பீர்கள். எனக்கு விஷயம் தெரிந்தது உங்கள் பழைய முதலாளியின் மனைவி மூலம், காய்கறிக் கடையில். வேலை போனதற்கு நான் கோபப்படவில்லை. முன்னால் நின்று அடி வாங்குவது என் கிளாஸ், அது உனக்கு எதற்கு என்று இருந்தீர்களே, அதற்குத்தான் என் பையைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தேன்.

இந்த ஞாயிறு சோதனை உலகம் திறக்கிறார்கள். வாருங்கள். ஓட்டு எதுவாக இருந்தாலும் ஒரு தடவை பார்த்துவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் வைத்தியர்

---

மார்ச் 22

அன்புள்ளவளுக்கு,

இந்தத் தடவை உன்னை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

நீ கேடயம் எடுத்துக்கொண்டு வருவாய் என்று எனக்குத் தெரியாது. நான் வைத்தியக் கோலோடு வருவேன் என்று உனக்கும் தெரியாது. உன்னை ஒரு நாளாவது சும்மா இருக்க விடலாம், வைத்தியத்தை நான் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் வந்தேன். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. குகைக்குள் நுழைந்ததும் பழக்கதோஷத்தில் நான் விறுவிறுவென்று முன்னால் போய் நின்றேன், கையில் ஒரு குச்சியோடு. நீ இத்தனை பெரிய கேடயத்தைப் பிடித்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் பதுங்கினாய். முதல் அடியிலேயே நான் சுருண்டு விழுந்தேன். "யாருங்க அங்க, கேடயத்த டாக்டருக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சது?" என்று பல்லி கேட்டான். வாத்தியார்கூடச் சிரித்தார்.

இடம் மாறி நின்ற பிறகுதான் விஷயமே ஆரம்பித்தது. பின்னால் நின்றதும் என் திரையில் உன் கோடு வந்தது. நீ எழுதியபோது எனக்குச் சரியாகப் புரியவில்லை, பார்த்ததும் புரிந்தது. அடி விழுந்துகொண்டே இருக்கிறது, கோடு சரசரவென்று இறங்குகிறது, நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஏன் மருந்து கேக்கல?" என்று தட்டினேன். "பழக்கமில்ல" என்று பதில் போட்டாய். அதற்குப் பிறகு நீ கேட்காமலே மருந்தை அனுப்பிக்கொண்டே இருந்தேன். கேம்தானே என்று யாராவது சொன்னால் அவர்களை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

இன்னொன்று. உனக்கு ஒவ்வொரு தடவை மருந்து அனுப்பும்போதும் என் கோடு கொஞ்சம் குறைந்தது. முதலில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். பிறகு உதவிப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், வைத்தியர் தன் உயிரிலிருந்து எடுத்துத்தான் கொடுக்க முடியுமாம். முதல் வரியிலேயே போட்டிருக்கிறது. அது வைத்தியர் பக்கம், எனக்கு எதற்கு என்று நான் ஒரு நாளும் திறந்ததில்லை. இத்தனை வருஷமாக "மருந்து எங்க, மருந்து எங்க" என்று கத்திக்கொண்டிருந்தேனே, அப்போதெல்லாம் உன் கோடு எங்கே இருந்தது? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஓட்டை மாற்றலாமா என்று போய்ப் பார்த்தேன். ஒரு தடவை போட்டால் போட்டதுதானாம்.

உன்,
குச்சிக்காரன்

---

மார்ச் 26

அன்புள்ள குச்சிக்காரருக்கு,

ஓட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நான் 'கிளாஸ் வேண்டாம்' என்று போட்டேன். உங்கள் ஓட்டும் என் ஓட்டும் ஒன்றையொன்று கழித்துவிட்டன. நாம் இருவரும் ஓட்டே போடாத மாதிரிதான்.

என் கோடு எங்கே இருந்தது என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் பாதிக்குக் கீழே. சொன்னால் நீங்கள் பின்வாங்குவீர்கள், எல்லாரும் சாவோம் என்று சொன்னதில்லை. எழுதும்போதுதான் தெரிகிறது, வேலை போனதைச் சொன்னால் நீ பயந்துவிடுவாய், குடும்பமே நின்றுவிடும் என்று நீங்கள் சொன்ன காரணம்தான் இதுவும். இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு நல்ல காய்ச்சல். இரண்டு நாள் எழுந்து நடமாட முடியவில்லை. அந்த ஞாயிறும் கேமுக்கு வந்தேன், அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. என் கோட்டை மறைத்துக்கொண்டுதான் உங்கள் கோட்டைக் காட்டவில்லை என்று சண்டை போட்டிருக்கிறேன்.

முன்னால் நிற்பது நான் நினைத்த மாதிரி இல்லை. எதிரே வருவதன் கால் மட்டும்தான் தெரிகிறது. திரும்பிப் பார்த்தால் அடி விழுகிறது. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் இருந்ததைத் திமிர் என்று வைத்திருந்தேன். பாதி திமிர்தான், மீதி திரும்ப முடியாததால் என்று இப்போது தெரிகிறது. ஆனால் ஒன்று, எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது.

கம்பெனி முடிவு சொல்லிவிட்டது. ஓட்டு ஏறக்குறைய சமமாக விழுந்ததால் பழைய உலகமும் இருக்கும், கிளாஸ் இல்லாத புது உலகமும் இருக்கும், வேண்டியவர்கள் வேண்டிய இடத்தில் ஆடிக்கொள்ளலாமாம். இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறார்கள். எனக்குப் புது உலகம்தான். பல்லி வருகிறான். வாத்தியார் வரமாட்டாராம், ஆனால் அதற்கும் சந்தா கட்டிவிட்டார்.

நானும் முடிவு சொல்லிவிட்டேன். இங்கேயே இருக்கிறேன் என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள், மீதியையும் படியுங்கள். நீங்கள் இங்கே வாருங்கள். கொஞ்சம் பெரிய வீடாகப் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு இங்கே வேலை கிடைக்கும் வரை வீட்டை என் சம்பளம் பார்த்துக்கொள்ளும். வெளியே நான் போகிறேன், உள்ளே நீங்கள் பாருங்கள். பிறகு மாற்றிக்கொள்வோம், அதற்குப் பிறகும் மாற்றிக்கொள்வோம், உங்கள் லிஃப்ட்காரர்கள் மாதிரி.

ஒரே ஒரு நிபந்தனை. அடி விழுந்தால் விழுந்த அன்றைக்கே சொல்ல வேண்டும். நானும் சொல்வேன். அது முடியாது என்றால் இப்போதே எழுதிவிடுங்கள். நான் அழுவேன், ஆனால் புரிந்துகொள்வேன். இன்னொரு காய்கறிக் கடையை என்னால் தாங்க முடியாது.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் மனைவி

---

மார்ச் 30

அன்புள்ள என் மனைவிக்கு,

இன்று காலை கூப்பிட்டு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். நாளையோடு வேலை முடிகிறது. டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தேன். உன் கடிதம் வாசலில் கிடந்தது. படித்துவிட்டு, கால்கூடக் கழுவாமல் எழுதுகிறேன்.

வலது முழங்கால் இரண்டு மாதமாக வலிக்கிறது. லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் ஏற முடியவில்லை, கூட வருகிற பையன்தான் கைகொடுத்து ஏற்றிவிடுவான். நீ போனதிலிருந்து நான் நம் அறையில் படுப்பதில்லை, கூடத்தில்தான் படுக்கிறேன். அக்கா வந்து கேட்டபோது காற்று நன்றாக வருகிறது என்று சொன்னேன். காற்றெல்லாம் வரவில்லை.

நீ வேலைக்குப் போக, நான் வீட்டில் இருக்க, அக்கம்பக்கத்தில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் மறைக்காமல் என்னால் இருக்க முடியுமா என்பதும் தெரியாது. இன்று முடிந்திருக்கிறது.

சனிக்கிழமை காலை வண்டிக்கு டிக்கெட் எடுக்கப்போகிறேன். பயமாக இருக்கிறது. வழக்கமாக இந்த இடத்தில், நீ சிரமப்பட வேண்டாம், விலாசத்தை வைத்துக்கொண்டு நானே வந்துவிடுவேன் என்று எழுதுவேன். இந்தத் தடவை சிரமப்படு. ஸ்டேஷனுக்கு வந்து நில்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்