தேய்த்த இடம்

மார்ச் 4
தங்கை போன் செய்தாள். அப்பாவைப் புதைத்த பழைய கல்லறைத் தோட்டத்தைப் பாரம்பரியச் சின்னமாக்கிப் பராமரிக்கிறார்களாம். ஒருமுறை போய்ப் பார்க்கச் சொன்னாள். தம்பியைப் படிக்க வைத்துவிட்டு என்னைக் கடையில் உட்கார வைத்த மனிதர். சாவுக்கே போகவில்லை, கல்லைப் பார்க்கவா போவேன்?

மார்ச் 9
போனேன். கல்லில் ‘அன்பு மக்கள்’ என்று போட்டு, ஒரு வரி இடம் விட்டு, தம்பி பெயர், தங்கை பெயர். மூத்தவன் என் பெயர் இல்லை. பராமரிப்பைக் கவனிக்கும் பெண்ணிடம் என் பெயரை வெட்டச் சொன்னேன். இங்கே உளியே வைக்கக் கூடாதாம். வெறும் தண்ணீர், மெத்தென்ற பிரஷ். சோப்புகூடக் கல்லை அரித்துவிடுமாம். கல்லோரப் புல்லைக் கையால்தான் வெட்டுகிறார்கள். மெஷின் பட்டால் சில்லு தெறிக்கும். “இருக்கிறது இருக்கிறபடியே இருக்கணும், ஐயா.”
இல்லாததுக்கு என்ன வழி என்று கேட்டேன்.

மார்ச் 10
கண்ணை மூடினால் அந்த இரண்டு பெயர்.

மார்ச் 16
சண்டை போடத்தான் போனேன். அந்தப் பெண் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்தாள். மங்கிய எழுத்தை இப்படித்தான் படிப்பார்களாம்—வெயிலைத் திருப்பிக் கல்மேல் சாய்வாக விழவைத்து. விட்டிருந்த வரியில் வெளிச்சம் விழுந்தது. என் பெயரின் முதல் எழுத்து. கடைசி எழுத்தின் வால். நடுவே அரம் போட்ட கீறல்கள்.
வெட்டியிருக்காங்க. வெட்டிட்டு அழிச்சிருக்காங்க. தம்பிதான். வேற எவனுக்கு வயிறு எரியும்?

மார்ச் 17
தங்கையிடம் கேட்டேன். தம்பி இல்லையாம். அம்மாவாம். நான் அடக்கத்துக்கும் வராமல், கல் வைத்த பிறகும் வராத கோபத்தில், ஆள் வைத்துத் தேய்க்கச் சொன்னாளாம்.
“அப்புறம் சாகுற வரைக்கும், எப்பப் போனாலும் அந்த இடத்துல கையை வெச்சுக்கிட்டே நிப்பாங்கண்ணா. கிளம்பலாம்னா வரமாட்டாங்க. உன் பிடிவாதம் பின்ன எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்சே?”
போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 19
நாற்காலியில் உட்கார்ந்தால் தோள்மேல் ஒரு கை இருக்கிறது. திரும்பிப் பார்க்க மாட்டேன்.

மார்ச் 30
கல் கழுவ என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். கீழிருந்து மேலே போகவேண்டும், இல்லாவிட்டால் அழுக்கு வழிந்து கறை பிடிக்கும். வெயிலில் கல் முழுக்கக் காய்ந்து வெளுத்தது. தேய்த்த இடம் மட்டும், ஒரு கை அகலத்துக்கு, ஈரமாகவே இருந்தது.
கேட்டைப் பூட்ட வேண்டும், வாருங்கள் என்று அந்தப் பெண் கூப்பிட்டாள்.
“காயட்டும்மா, வர்றேன்” என்றேன்.