நாற்பது நாற்காலி போட்ட வீட்டுப் பூசை

கில்லாரன்,
நவம்பர் 17, திங்கட்கிழமை

என் தங்க மகள் கிரானியாவுக்கு அம்மா எழுதுறது. இங்கே நானும் இருக்கேன், மழையும் இருக்கு, ரெண்டுக்கும் ஒரு குறைச்சலும் இல்லை. நீயும் மாப்பிள்ளை லாக்லனும் சின்னவனும் அந்தப் பெர்த் வெயில்ல நோய் நொடி இல்லாம இருக்கீங்கன்னு நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கேன். உன் தம்பி டெக்லன் நேத்தே உனக்குப் போன் பண்ணிட்டானாம், அம்மா மனசு மாறிட்டா, நம்ம பக்கம் வந்துட்டான்னு. காலையில எழுந்து பார்த்தா உன் மெசேஜ், ரொம்ப நல்லதும்மா, இனியாவது வீடு நிம்மதியா இருக்கட்டும்னு, அதுக்குப் பக்கத்துல ஒரு பூ வேற. அதைப் பார்த்ததும் எனக்கு வாயில வச்ச டீ கசந்துபோச்சு. போன்ல சொல்லலாம்னா உன் தம்பி பெண்டாட்டி ஓர்லா என் அடுப்படியிலயே நிக்கிறா, கொல்லையில சக்கரத்துமேல நிக்கிற அவங்க வண்டி வீட்டுல கேஸ் தீர்ந்துபோச்சாம். அதனால கடிதமா எழுதி, உனக்கு அனுப்புற டீத்தூள் பார்சலுக்குள்ள வைக்கிறேன். முழுசும் படிச்சுட்டு அப்புறம் பூ அனுப்பு.

உன் தம்பிமேல குறை மட்டும் சொல்ல நான் வரல. நாலு வருஷமா என் வீட்டுக்குப் பின்னாடி அந்தத் தகர வண்டி வீட்டுல ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு குடியிருக்கான். சின்னது படுக்கிற பக்கத்துச் சுவரெல்லாம் பூஞ்சை, ராத்திரி முழுக்க அது இருமுற சத்தம் என் படுக்கை அறை வரைக்கும் கேக்குது. ஊரான் வீட்டுக்கெல்லாம் கூரை போட்டுத் தர்றவன், தனக்கு ஒரு கூரை இல்லை. நீயும் வீடு கிடைக்காமத்தானே உலகத்தோட அந்தக் கோடிக்குப் போனே. அப்படி இருக்கும்போது ஏப்ரல்ல அரசாங்கம், பதினோரு வருஷமாப் பூட்டிக் கிடந்த கன்னியாஸ்திரி மடத்துல அகதிங்கன்னு அறுபது பேரைக் கொண்டுவந்து இறக்கினா அவனுக்கு வயிறு எரியாதா? எரியட்டும். டப்ளினுக்குப் போய் மந்திரி வீட்டு வாசல்ல கத்தட்டும், நானும் கூட வர்றேன். ஆனா இவன் எங்கே நின்னான் தெரியுமா? மடத்துக் கேட்டுல, கழுத்துல செபமாலையைப் போட்டுக்கிட்டு! கன்னியாஸ்திரிங்க அந்தக் காலத்துல நம்ம ஊர்ப் பெண் பிள்ளைங்களைப் படுத்தின பாடு வெளியே வந்த வருஷம், இனிமே கோயில் வாசப்படியை மிதிச்சா என்னைச் செருப்பால அடின்னு சொன்னவன் இவன்தான். அன்னைக்கு அவனைத் தடுக்க எனக்கு முகம் இல்லை, அவன் சொன்னது சரிதான். இப்போ அதே மடத்து வாசல்ல மாதா சிலையை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார வச்சு, பக்கத்துல எங்க ஊர் நிறைஞ்சுபோச்சுன்னு ஒரு பலகை. மாதாவும் கைக்குழந்தையோட எகிப்துக்கு ஓடினவதானேடான்னு கேட்டேன். அதெல்லாம் உனக்குப் புரியாதும்மான்னுட்டான். அங்கே நிக்கிறவங்கள்ல பாதிப் பேர் ஞாயித்துக்கிழமை நைஜீரியாக்காரர் ஃபாதர் ஒபின்னா கையால நன்மை அப்பம் வாங்க நாக்கை நீட்டுறவங்க. அந்தக் கை மட்டும் அவங்களுக்குக் கறுப்பாத் தெரியாது போல.

ருடோவைப் பத்தி உனக்கு முன்னாடியே சொல்லியிருக்கேன், ஜிம்பாப்வேயில இருந்து ஒரு பெண் குழந்தையோட வந்து மடத்துல தங்கியிருக்கிறவ. முதியோர் இல்லத்துல வேலை கிடைச்சுருக்கு. அந்தக் கேட்டுல கோஷம் போடுற ஆம்பிளைங்கள்ல மூணு பேரோட அம்மாக்களைத் தினம் குளிப்பாட்டித் தலை சீவிவிடுறது இவதான். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவங்களைத் தாண்டித்தான் நடக்கணும். வியாழக்கிழமை தோறும் கோயில் பீடத்துணியெல்லாம் தேய்க்க என் வீட்டுக்கு வந்துடுவா. நான் தேய்ச்சதைத் தூக்கிப் பார்த்துட்டு, ஏம்மா அசம்ப்டா, இது பீடத்துக்கு விரிக்கவா இல்லை மாட்டுக்குப் போர்த்தவான்னு கேப்பா. எனக்கு மூட்டு வலின்னா, வலி மூட்டுல இல்லை, உங்க சோம்பேறித்தனத்துலன்னு கிண்டல் பண்ணுவா. உங்க அப்பா போனதுக்கப்புறம் இந்த வீட்டுல நான் வாய்விட்டுச் சிரிச்சது அவளோடதான், அதை நான் மறைக்கப் போறதில்லை.

அக்டோபர்ல, நம்ம சுத்துவட்டாரத்துல ஃபாதர் வீட்டுக்கு வீடு வந்து வைக்கிற பூசையோட முறை சுத்தி நம்ம வீட்டுக்கு வந்தது, ஒன்பது வருஷம் கழிச்சு. உனக்குத் தெரியும், கல்யாணத்துக்குக்கூட இப்படிச் சுத்தம் பண்ண மாட்டோம். டெக்லனே கூடத்துக்கு வெள்ளையடிச்சுக் கொடுத்தான். கோயில் மண்டபத்துல இருந்து நாற்பது நாற்காலி எடுத்துட்டு வந்து போட்டேன், ரெண்டு பழ கேக், ஒரு முழுத் தொடை பன்றிக்கறி, ரொட்டி எத்தனை சுட்டேன்னு எனக்கே தெரியாது. ருடோவையும் பிள்ளையையும் கூப்பிட்டிருக்கேன்னு அவன்கிட்ட முந்தின நாள் சொன்னேன். அவ வந்தா இந்தப் பக்கத்துல ஒரு ஈ காக்கா வராது பார்த்துக்கோன்னான். பூசைக்குக் கூப்பிடுறது நான் இல்லைடா, அதுக்குச் சொந்தக்காரர் வேறன்னேன். மறுநாள் காலையில பத்து மணிக்கு நம்ம சந்து முனையில ஜீப்பை நிறுத்திட்டு உட்கார்ந்துட்டான். வழியை மறிக்கல, மறிச்சான்னு பேச்சு வந்துடக் கூடாதுன்னு ஓரமாத்தான் நிறுத்தியிருந்தான். நான் அடுப்படி ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டே நிக்கிறேன், ஒவ்வொரு காரா வருது, அவன் பக்கத்துல நிக்குது, கண்ணாடி இறங்குது, ரெண்டு வார்த்தை, அப்படியே திரும்பிப் போகுது. எனக்குப் பிரசவம் பார்க்க வந்தவங்க, உங்க அப்பா சவப்பெட்டியைத் தோள்ல சுமந்தவங்க. பெத்த பிள்ளை என் வீட்டுப் பூசைக்கு வர்றவங்களைத் திருப்பி அனுப்புறதை நின்னு பார்த்தேன் கிரானியா, இந்தக் கண்ணு அதைப் பார்க்கவா இத்தனை நாள் இருந்ததுன்னு இருந்தது. கடைசியில வந்தது ஃபாதர், அவர் கார்லயே வந்த ருடோவும் பிள்ளையும், அப்புறம் கில்ராய் கிழவர், அவ்வளவுதான். அவருக்குக் காது கேக்காது, வயல் குறுக்கே நடந்து வந்ததால ஜீப்பைப் பார்க்கவும் இல்லை. மத்தவங்க எங்கேன்னு பூசை நடுவுலயே சத்தமாக் கேட்டார்.

இதுவரைக்கும் நீ படிச்சதுல உன் அம்மா நல்லவ. இனிமேதான் இருக்கு. பூசை முடிஞ்சதும் வழக்கப்படி ஃபாதர், அடுத்த வீட்டுப் பூசையை யார் எடுத்துக்கிறீங்கன்னு கேட்டார். முறைப்படி டூஹி வீட்டுக்காரங்க எழுந்து நாங்கன்னு சொல்லணும், அவங்கதான் சந்து முனையிலயே திரும்பிட்டாங்களே. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அந்தக் கேள்விக்குப் பதில் வராம இருந்ததில்லை. அந்த அமைதியில ருடோ கையைத் தூக்கினா. நாங்க எடுத்துக்கிறோம் ஃபாதர், எங்க சாப்பாட்டுக் கூடம் பெருசு, எல்லாரும் உட்காரலாம்னா. முகமெல்லாம் சந்தோஷம், நல்லாப் படிச்ச பிள்ளை வகுப்புல கை தூக்குமே, அப்படி. ஃபாதர் வாயைத் திறக்கிறதுக்குள்ள நான் சொல்லிட்டேன், அது வீடு இல்லையே ருடோ, வீடுகளுக்குத்தானே இந்த முறைன்னு. ஏன் சொன்னேன்? ஊர் வழக்கத்தைத்தானே சொன்னேன்னு அப்புறம் எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்துட்டேன். அது பொய். அந்த நிமிஷத்துல என் கண்ணு முன்னாடி வந்தது டூஹி வீட்டுக்காரி முகம்தான், முன்னோர் காலத்துல இருந்து வந்த முறையை அசம்ப்டா மடத்துக்குத் தூக்கிக் கொடுத்துட்டான்னு கடைகடையாச் சொல்லுவாளேங்கிற பயம்தான். ருடோ தூக்கின கையால தலைமுடியைச் சரி பண்ணிக்கிட்டா, அதுக்குத்தான் தூக்கின மாதிரி. எல்லாக் கோப்பையையும் கழுவிக் கவிழ்த்து வச்சுட்டு, பிள்ளைக்கு மேல்சட்டையை மாட்டிவிட்டு, நன்றிம்மான்னு சொல்லிட்டுக் கிளம்பினா. ஃபாதர் வாசல்ல நின்னு, அது வீடு இல்லைன்னா அவங்க இப்போ எங்கேதான் குடியிருக்காங்க அசம்ப்டான்னு கேட்டார். நான் உள்ளே போய் நாற்காலிகளை மடக்கினேன். அடுத்த வியாழக்கிழமை ருடோ வரல. அதுக்கடுத்ததும் வரல. நான் தேய்ச்ச துணியைத்தான் பீடத்துல விரிக்கிறோம், கோணல் மாணலா.

நேத்து ஞாயித்துக்கிழமை மனசு கேக்காம ஒரு கேக் சுட்டு டப்பாவுல வச்சுக்கிட்டு மூணு மணிக்கு மடத்துக்குப் போனேன், நேர்ல மன்னிப்புக் கேட்டுடலாம்னு. கேட்டுல முப்பது பேர், டெக்லன் முன்னாடி நிக்கிறான். நான் யாரையும் பார்க்காம நேராக் காவலாளிகிட்ட போய் ருடோவைப் பார்க்கணும்னேன். பேரைச் சொல்லி உள்ளே போன் பண்ணிக் கேக்கணும், கொஞ்சம் நில்லுங்கம்மான்னான். நின்னேன். எங்கே நிக்கிறது, அந்தக் கூட்டத்தோடதான். அப்போ இவங்க செபமாலை சொல்ல ஆரம்பிச்சாங்க. டெக்லன் முன்பாதியைச் சொன்னான், பிரியதத்தத்தினாலே பூரண மரியாயேன்னு, உங்க அப்பா குரல் அப்படியே. கிரானியா, நான் வேணும்னு செய்யல, அது மட்டும் நீ நம்பணும். அறுபத்தெட்டு வயசு வரைக்கும் அந்த முன்பாதியைக் கேட்டா பின்பாதி தானா வாயில வந்துடும், தூக்கத்துல எழுப்பினாலும் வரும். அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவேன்னு முப்பது பேரோட சேர்ந்து நானும் சத்தமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். மூணாவது செபமணியோ நாலாவது மணியோ, தலையை நிமிர்த்தினேன். மாடி ஜன்னல்ல ருடோ. யாரோ பார்க்க வந்திருக்காங்கன்னு சொன்னதும் எட்டிப் பார்க்க வந்திருக்கா. கூட்டத்துக்கு நடுவுல நான், கையில டப்பா, வாய் திறந்தபடி. நான் கையை ஆட்டுறதுக்குள்ள திரையை இழுத்துட்டா. காவலாளி போனைக் காதுல வச்சுக் கேட்டுட்டு என்கிட்ட வந்தான், அவங்களுக்கு உங்களைத் தெரியாதாம்மான்னான்.

அப்போதான் டெக்லன் பக்கத்துல வந்து என் தோள்மேல கையைப் போட்டான். வந்துட்டியேம்மான்னான். அவன் கண்ணு கலங்கியிருந்தது. அக்டோபர்ல இருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசாத பிள்ளை. நான் அந்தக் கையைத் தட்டிவிடல. நான் இதுக்கு வரலடான்னு ஒரு வார்த்தை சொல்லல. அந்தக் கேக்கையும் அங்கேயே அறுத்து எல்லாருக்கும் கொடுத்தாங்க, எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாங்க, தின்னேன். இதைத்தான் உன்கிட்ட சொல்லணும்னு உட்கார்ந்தேன்.

தொண்டை வலின்னியே, வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்புளி, நர்ஸுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனா நீ செய்ய மாட்டேன்னு எனக்குத் தெரியும். மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு. சின்னவனுக்கு ஞானஸ்நானம் எப்போன்னு ஒவ்வொரு தடவையும் உன்னை நச்சரிப்பேனே, இந்தத் தடவை கேக்கல, இனிமேலும் கேக்க மாட்டேன், கேக்கிற யோக்கியதை எனக்கு இருக்கான்னு தெரியல. ஆண்டவர் உங்க மூணு பேரையும் கைவிடாம இருக்கட்டும். வியாழக்கிழமை மறுபடியும் மடத்துக்குப் போகப் போறேன். போனாலும் அவ கீழே இறங்கி வருவான்னு எனக்குத் தோணல.

இப்படிக்கு,
உன் அம்மா
அசம்ப்டா