காலிங் பெல் அடித்தபோது நீ சொன்னது

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகம், நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், கேட்கிறேன், ஆனால் இந்தத் தடவை கேட்டுவிட்டு அடுத்த வரியிலேயே என் முட்டி வலிக்குத் தாவ மாட்டேன். தாவுவதுதான் என் வழக்கம் என்று போன சனிக்கிழமை ஒன்பது பேர் முன்னால் நிரூபணம் ஆகிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பாய். போனில் நீ ஒன்று சொல்வதற்குள் நான் நாலு சொல்லிவிடுவேன், பிறகு அழுவேன், நீ என்னைச் சமாதானப்படுத்துவாய், கடைசியில் தப்புச் செய்தவளுக்கே ஆறுதல் கிடைத்துவிடும். காகிதத்தில் அந்த வசதி இல்லை. முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு, பாதியில் மடித்து வைத்துவிடாதே, முக்கியமானது கடைசியில்தான் வருகிறது.

வீட்டுச் செய்தி அதிகமில்லை. உன் அக்கா புது வீட்டுக்கு மாறிவிட்டாள், மூன்றாவது மாடி, லிஃப்ட் இருக்கிறது, அவள்தான் அதை நம்புவதில்லை, ஏறி இறங்கியே இளைத்துவிட்டேன் என்று பெருமை வேறு. அப்பா ரிட்டையர் ஆன நாளிலிருந்து வீட்டில் நன்றாக ஓடுகிற சாமான்களையெல்லாம் பிரித்துப் பிரித்து ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறார். எனக்குத்தான் இந்த வருடம் மூச்சுவிட நேரமில்லை. உனக்குத் தெரியாததில்லை, எங்கள் தொழிலில் ஒருமுறை படித்துப் பட்டம் வாங்கிவிட்டால் ஆயிற்று என்று உட்கார முடியாது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை இத்தனை மணி நேரம் புதிதாகப் பயிற்சி எடுத்தேன் என்று காட்டினால்தான் மனநல ஆலோசகர் பதிவைப் புதுப்பிப்பார்கள். இருபத்தாறு வருடமாகச் சேர்த்த சான்றிதழ்களை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் நீ கிளம்பிப் போனதும் உன் அறைச் சுவரில் மாட்டினேன், கோப்புகளை உன் கட்டில்மேல் அடுக்கினேன். இந்தத் தடவை கணக்குப் பார்த்தால் எட்டு மணி நேரம் குறைந்தது, இருந்ததோ மூன்று வாரம். கிடைத்த வகுப்பில் சேர்ந்தேன், அனுபவமுள்ள ஆலோசகர்களுக்கான 'கேட்கும் பயிற்சி'. இத்தனை வருடம் கழித்து எனக்குக் கேட்கச் சொல்லித்தரப் போகிறார்களா என்று அப்பாவிடம் சிரித்துக்கொண்டேதான் போனேன்.

பயிற்சி கொடுப்பவள் உன் அக்காவைவிடச் சின்னவள், கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும், நான் அவளுக்கு அதையே பேராக வைத்துவிட்டேன். அவள் முறை இதுதான்: ஒவ்வொருவரும் தாங்கள் பேசிய பேச்சில் இருபது நிமிடத்தைப் பதிவு செய்து கொண்டுவர வேண்டும், ஆலோசனைக்கு வருபவரோடு பேசியது, அது கிடைக்காவிட்டால் தெரிந்தவர் யாரோடாவது பேசியது, ஆனால் அவர் எழுத்தில் சம்மதம் தந்திருக்க வேண்டும். அதை வகுப்பில் ஓடவிடுவார்கள். மற்றவர்கள் கையில் ஒரு தாள் இருக்கும், அதில் கேள்வி, அறிவுரை, சொந்தக் கதை, மௌனம் என்று நாலு கட்டம். நாம் வாயைத் திறந்தாலும் மூடினாலும் அந்தந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடுவார்கள். என்னிடம் வருபவர்களில் இரண்டு பேரைக் கேட்டேன், இரண்டு பேரும் தயங்கினார்கள், வற்புறுத்தவில்லை, அந்த அளவுக்கு யோக்கியமாகத்தான் இருந்தேன். அப்புறம்தான் என் போன் ஞாபகம் வந்தது. யாரோ மோசடிக்காரர்கள் கூப்பிடுகிறார்கள் என்று அப்பா அதில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும்படி செய்து வைத்திருந்தார். அதில் நீ இருந்தாய். போன மாதம் ஒரு புதன்கிழமை நீயாகவே கூப்பிட்டாயே, அது.

முதல் ஐந்து நிமிடம் மட்டும் கேட்டுப் பார்த்தேன், முன்னும் பின்னும் வெட்டினேன், போதும் என்று எடுத்துக்கொண்டேன். சொந்தக்காரப் பையன், என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவான் என்று வகுப்பில் சொன்னேன். சம்மதப் படிவத்தில் உன் கையெழுத்தை நானே போட்டேன். இதை எழுதவே கை கூசுகிறது சின்னு, ஆனால் அன்றைக்குப் போடும்போது கூசவில்லை. உன் பள்ளிக்கூடத்து விடுப்புச் சீட்டு, சுற்றுலா அனுமதி, தடுப்பூசித் தாள் எல்லாவற்றிலும் உனக்காக நான்தானே கையெழுத்துப் போட்டேன், அதே கை, அதே அவசரம், அடுப்படி மேடையில் வைத்து ஒரு கிறுக்கு. உனக்கு முப்பத்தொரு வயது ஆகிறது என்று அந்தப் படிவத்திலேயே ஒரு வரி மேலே நான்தான் எழுதியிருந்தேன், அப்போதும் உறைக்கவில்லை. எங்கள் ஆலோசனை மையத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சம்மதம் என்றால் என்ன என்று வகுப்பெடுப்பவள் யார் தெரியுமா, உன் அம்மாதான். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

சனிக்கிழமை மதியம் என் முறை வந்தது. ஓடவிட்டார்கள். முதல் ஏழு நிமிடத்தில் அறிவுரைக் கட்டத்தில் ஒன்பது கோடு, சொந்தக் கதைக் கட்டத்தில் ஆறு. பக்கத்தில் இருந்தவர் கோடு போடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நீ நன்றாகத் தூங்கவில்லை என்று சொன்னாய், நான் எனக்குந்தான் தூக்கமே இல்லை என்று ஆரம்பித்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வெளியே சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துவிட்டது என்றாய், அக்கா வீட்டு அடுப்படி எவ்வளவு பெரிது என்று நான் அளந்தேன். சிறையில் கைதிகளுக்கு ஆலோசகராக இருக்கும் ஒருவர் எங்கள் வகுப்பில் இருக்கிறார், வாயைத் திறக்கவே மாட்டார், அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். பின்னாடி ஊஞ்சல் சத்தம் கேக்குதே, புதன்கிழமைன்னு சொன்னீங்க, வேலை நேரம், அந்தப் பையன் எதுக்கு பார்க்குல உக்காந்திருக்கான், நீங்க கேக்கலையா என்றார். நான் கேட்கவில்லை. ஊஞ்சல் சத்தமே அப்போதுதான் என் காதில் விழுந்தது, கிறீச் கிறீச் என்று, இத்தனைக்கும் அவர் உன்னைப் பெற்றவர் இல்லை, நான் பெற்றவள்.

மறுபடி ஓடவிட்டார்கள். பதினோராவது நிமிடத்தில் என் பேச்சு சட்டென்று நின்றது. ஸ்டாப்வாட்ச் பெண் பொத்தானை அழுத்திவிட்டு, பாருங்க, இங்கதான் அழகா காத்திருக்காங்க, இப்பத்தான் அந்தப் பையனுக்குப் பேச்சு வருது என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு மட்டும் தெரியும், நான் காத்திருக்கவில்லை. காலிங் பெல் அடித்தது, பதிவில் அந்தச் சத்தம் விழவில்லை, போனை மேஜைமேல் வைத்துவிட்டு உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனேன், எதிர்வீட்டுப் பார்சலை நாம் வாங்கி வைக்க முடியாது என்று வாசலுக்கு வெளியே கூரியர்காரனோடு வாதாடிக்கொண்டு நின்றேன். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து நீ பேசினாய். வேலைய விட்டு ரெண்டு மாசம் ஆச்சும்மா என்றாய். முடியலம்மா என்றாய். கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமா, என் ரூம்ல படுத்துக்கறேன், ஏன் எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க, அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன் என்றாய். அப்புறம் பதிலுக்காகக் காத்திருந்தாய். நாற்பத்தொரு விநாடி. அவள் கடிகாரத்தில் பார்த்தேன். பிறகு என் குரல் வருகிறது, ஆங் சொல்லு சொல்லு, கூரியர்காரன் வந்தான், என்ன சொன்னே என்று. நீ ஒண்ணுமில்லம்மா என்றாய். அதோடு விட்டாயா, முட்டி வலி எப்படி இருக்கு என்று கேட்டாய். கேட்டதுதான் தாமதம், ஆறு நிமிடம் முட்டியைப் பற்றியே பேசினேன். அந்த ஆறு நிமிடமும் வகுப்பில் ஒருவர்கூடக் கோடு போடவில்லை, எல்லாரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள்.

சொந்தக்காரப் பையன் என்ற முழுப் பூசணிக்காய் அப்போதே வெளியே வந்துவிட்டது. அங்கேயே சொன்னேன், இவன் என் மகன், இது அவனுக்குத் தெரியாது, கையெழுத்து நான் போட்டது என்று. யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. ஸ்டாப்வாட்ச் பெண் என் கண்முன்னாலேயே அந்தப் பதிவை அழித்தாள், நானும் என் போனில் இருந்ததை அழித்து, தானாகப் பதிவாவதையும் நிறுத்தினேன். கேட்ட ஒன்பது பேரும் வெளியே சொல்லமாட்டார்கள், அது எங்கள் தொழில், ஆனால் அவர்கள் கேட்டது கேட்டதுதான், அதை என்னால் அழிக்க முடியாது. அந்த எட்டு மணி நேரப் பயிற்சிக் கணக்கு ரத்தாகிவிட்டது. பதிவு அலுவலகத்துக்கு நடந்ததை நானே எழுதிக் கொடுத்தேன், விசாரித்து முடிக்கும்வரை யாரையும் பார்க்கக் கூடாது என்று பதில் வந்திருக்கிறது, என்னிடம் வந்துகொண்டிருந்த பதினோரு பேரையும் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். நீ பரிதாபப்பட வேண்டும் என்று இதை எழுதவில்லை. செய்ததற்கு உண்டானது, பட்டுத்தான் ஆக வேண்டும்.

அன்று சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கும். என்றைக்கும் இல்லாமல் நேராகக் கேட்டேனே, உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா என்று. நீ சிரித்து, அதெல்லாம் இல்லம்மா, என்ன ஆச்சு உங்களுக்கு என்றாய். அந்தச் சிரிப்பை நம்புகிறேன், நம்பிக்கொண்டே பயப்படுகிறேன், எப்போதாவது அப்படித் தோன்றினால் எந்த நேரமானாலும் எனக்கோ அங்கே பக்கத்தில் ஒரு டாக்டருக்கோ சொல்லிவிடு. கொஞ்ச நாள் இங்கே வந்துவிட்டுப் போயேன் என்றதற்கு, எதுக்கும்மா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்றாய். நீ கேட்டது என் காதில் விழவே இல்லை என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். விழுந்துவிட்டது என்று சொல்ல வேண்டுமானால் எப்படி விழுந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும், சொன்னால் இனிமேல் என்னிடம் எதையுமே சொல்லமாட்டாயோ என்று மூன்று நாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாளும் உன்னை அந்த பார்க் பெஞ்சிலேயே உட்கார வைத்தது நான்தான். அதற்கும் சேர்த்து என்னை மன்னி. மன்னிக்க முடியாவிட்டால் பரவாயில்லை, கோபத்தோடேயே இரு, ஆனால் அங்கே தனியாக இருந்து கோபப்படாதே. பார், இது அறிவுரை. பத்தாவது கோடு.

திங்கட்கிழமை உன் அறையைக் காலி செய்தேன். கோப்புகளெல்லாம் இப்போது ஹாலில் சோபாமேல் இருக்கின்றன, உட்கார இடமில்லை. சான்றிதழ்களைக் கழற்றினேன், சுவரில் முப்பத்து நாலு ஆணி ஓட்டை. அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, நீயே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாய், அதையாவது காப்பாற்றுகிறேன். எதற்கு இதெல்லாம் என்று கேட்டார், தூசி தட்டுகிறேன் என்றேன். அப்புறம் போய்ச் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தார், உன் ஜன்னல் கொக்கியையும் மாற்றினார், அது நிஜமாகவே ரிப்பேரான சாமான், இந்த வருடத்தில் முதல் தடவை. அதற்குமேல் அவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதை எந்த வகுப்பில் கற்றாரோ தெரியவில்லை.

எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், வேறு என்ன வேண்டிக்கொள்வேன். ஒரு ஞாபகம்: வாசல் பூட்டை நாங்கள் மாற்றவில்லை, உன் பழைய சாவி பொருந்தும், காலிங் பெல் அடிக்க வேண்டாம். புதன்கிழமை நீ கேட்டதற்கு இத்தனை நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன். வந்து இரு. ஏன் எதற்கென்று கேட்க மாட்டேன்.

உன் பேச்சின் நடுவில் எழுந்து போய்விட்டு, இப்போதுதான் திரும்பி வந்திருக்கும்
உன் அம்மா