மலை ஆகாதவள்

என்னை இடுப்பில் சுமந்த பெரியக்காவுக்கு,

உன் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. போலியோவில் கால் சூம்பிப்போன என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப்போனவள் நீ என்று போடி ஊரே பேசியது. உண்மைதான். அதனால்தான் ஆத்திரம் அடங்கவில்லை.

பந்தியில் ஜீப்பு ஓட்டும் செல்லையா அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். "வருசா வருசம் ஒங்க வீட்டாளுகளக் குரங்கணி மலைக்குக் கொண்டுபோவேன். ஒங்களுக்குத்தான் மலை ஆகாதுன்னு பெரியக்கா சொல்லுவாக. முன் சீட்டு சும்மாதான் கெடக்கும்" என்றார்.

என்னிடம் நீ சொன்னது வேறு. "ஜீப்புல எடமில்லடி, அடுத்த வருசம் பாப்போம்." எழுபதுகள் முழுக்க அதை நம்பினேனே!

கத்தரிக்காய் ஆகாது என்பதுபோல மலை ஆகாதாம். எனக்கு எது ஆகும் என்று ஒரு தடவையாவது கேட்டாயா? "வழியில ஒதுங்க எடமிருக்காதுன்னு பயப்படாதக்கா, விடிஞ்சதுலருந்து தண்ணி குடிக்காம வர்றேன்" என்று கெஞ்சியிருக்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாய். தூக்கி இறக்கச் சலித்துவிட்டதா? உன் புகுந்த வீட்டார் முன்னால் வெட்கமா? சலிப்பு என்றே சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

போன வாரம் போய்விட்டு வந்தேன். ஜீப்பின் படி உயரம். செல்லையா அண்ணன் ஒரு ஸ்டூலைப் போட்டார், அவ்வளவுதான். இரண்டாவது வளைவிலேயே வாந்தி. சிரிக்காதே, அதையும் நானே போய்த்தான் தெரிந்துகொண்டேன். குரங்கணியில் ஓடைக்குப் போக முடியவில்லை, வழியெல்லாம் கல். ஜீப்பிலேயே உட்கார்ந்து கடுங்காப்பி குடித்தபடி மேகம் இறங்குவதைப் பார்த்தேன். எனக்குப் போதவில்லை அக்கா, இன்னும் மேலே போகவேண்டும்.

திரும்பி வந்து உன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மாவ மன்னிச்சிட்டீகளா சித்தி?" என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் உன் வீட்டுக்காரர், "அவ மனசுல ஒண்ணும் வச்சுக்கிற மாட்டா" என்றார்.

உன் திவசத்துக்கு வருவேன், மாலையும் போடுவேன். மன்னித்தால் அதை நானே உன்னிடம் சொல்வேன். அதுவரை வேறு யார் சொன்னாலும் நம்பாதே.

உன் கூடப்பிறந்தவள்,
சின்னவள்